வேகத்தைக் குறைத்தால் சீக்கிரம் போகலாமா? நெடுஞ்சாலை நெரிசலும் அதைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பமும்

பொங்கல் முடிந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து சென்னைக்குக் காரில் திரும்புகிறவர்களுக்குத் திருமயம், புதுக்கோட்டை, திருச்சி எல்லாம் பெரிய சிரமமில்லாமல் கடந்துவிடும். சோதனை தொடங்குவது செங்கல்பட்டை நெருங்கும்போதுதான். பரனூர் டோல்கேட்டில் ஒரு நிற்றல், பெருங்களத்தூரில் இன்னொரு நிற்றல், நடுவில் ஊர்ந்துபோகும் பயணம். காரில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "ரோட்டை இன்னும் அகலப்படுத்தணும்." "இந்த கேமரா, எலக்ட்ரானிக் போர்டெல்லாம் ஃபைன் போடத்தான்."

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை. போக்குவரத்து மேலாண்மைத் தொழில்நுட்பம் புதிதாக ஓர் அங்குலம் சாலையைக்கூட உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் சாலை, நெரிசலால் தன் திறனில் ஒரு பகுதியை இழக்கிறது. அந்த இழப்பைத் தடுப்பதுதான் அதன் வேலை.

சாலைக்கு ஒரு "பந்திக் கணக்கு" உண்டு

செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்திக்கு 100 பேர் உட்காரலாம். முகப்பில் 300 பேர் காத்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரேயடியாக உள்ளே விட்டால் என்ன ஆகும்? சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம்பிடிக்க ஆள் நிற்கும். சாம்பார் வாளியோடு வருகிறவருக்கு நடக்க வழி இருக்காது, இலை எடுக்கிறவர் உள்ளே நுழைய முடியாது. 25 நிமிடத்தில் முடிய வேண்டிய பந்தி 40 நிமிடம் இழுக்கும். கூடம் அதேதான், பரிமாறும் ஆட்களும் அவர்கள்தான். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்தவர்கள் குறைந்துபோனார்கள். வாசலில் ஒருவர் நின்று அளவாக உள்ளே அனுப்பியிருந்தால் எல்லோருமே சீக்கிரம் சாப்பிட்டிருப்பார்கள்.

சாலைக்கும் இதே கணக்குதான். புரிந்துகொள்ள இரண்டு சொற்கள் போதும்.

அடர்த்தி: ஒரு தடத்தில், அதாவது ஒரு லேனில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கை.

ஓட்டம்: சாலையோரத்தில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் அந்தத் தடத்தில் கடந்துபோகும் வண்டிகளின் எண்ணிக்கை.

அடர்த்தியை வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் வரும். கிலோமீட்டருக்கு 20 வண்டி, வேகம் 100 கி.மீ. என்றால் மணிக்கு 2,000 வண்டி. 25 வண்டி, 80 கி.மீ. வேகம் என்றாலும் அதே 2,000. அடர்த்தி 40 ஆகும்போது வேகம் 45-க்கு இறங்கினால் 1,800. அடர்த்தி 80-ஐத் தொட்டு, வண்டிகள் 12 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 960. சாலை நிறைய வண்டிகள் நிற்கும் நேரத்தில்தான் அந்த இடத்தைக் கடக்கிற வண்டிகள் மிகக் குறைவு. 1930-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற பொறியாளர் சாலையோரத்தில் கேமரா வைத்துப் படமெடுத்து வேகத்தையும் அடர்த்தியையும் அளந்தார். இந்தத் துறையின் கணக்குகள் அங்கிருந்துதான் வளர்ந்தன.

மேலே உள்ள எண்கள் கார்கள் மட்டும் ஒழுங்காகத் தடம் பிடித்துப் போகும் சாலைக்கானவை. நம் சாலையில் லாரி, பஸ், டிராக்டர், பைக் எல்லாம் கலந்து போகும் என்பதால், எல்லாவற்றையும் கார்க் கணக்குக்கு மாற்றி எண்ணுவார்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் நெறிமுறைப்படி கிராமப்புறச் சாலையில் ஒரு பஸ்ஸோ லாரியோ 3 காருக்குச் சமம், ஒரு பைக் அரைக் காருக்குச் சமம்.

இதுவரை பார்த்தது: ஒரு தடம் மணிக்கு ஏறக்குறைய 2,000 கார்களை அனுப்பும். அதற்குமேல் திணித்தால் 2,000-ஐயும் இழந்து 1,000 பக்கம் இறங்கிவிடும்.

விபத்தே இல்லாமல் எப்படி ஜாம் ஆகிறது?

அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு திடீரென்று சாலை காலியாகும். விபத்தைக் காணோம், மறியலும் இல்லை. "எதுக்கு நின்னோம்?" என்று எல்லோரும் கேட்பார்கள்.

சாலை அதன் உச்ச ஓட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது வண்டிகளுக்கு இடையே 2 விநாடிக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கும். 70 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு லாரி, முன்னால் போகும் டிராக்டரைத் தாண்ட வலது தடத்துக்கு வருகிறது. அங்கே 100 கி.மீ. வேகத்தில் வந்த கார் பிரேக்கை லேசாக மிதிக்கிறது. பின்னால் வருபவர் அதைக் கவனித்துக் கால் வைப்பதற்குள் ஏறக்குறைய 1 விநாடி போய்விடுகிறது, அதனால் அவர் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிறார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அழுத்தமாக. பத்துப் பதினைந்து வண்டிகள் தள்ளி ஒருவர் முழுதாக நின்றேவிடுகிறார். லாரி எப்போதோ இடது பக்கம் ஒதுங்கிவிட்டது, ஆனால் அந்த நிற்றல் மட்டும் வண்டிக்கு வண்டி தாவிப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் நகரும் இதற்கு நெரிசல் அலை என்று பெயர்.

2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இதைக் கண்முன் காட்டியது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக 30 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, வளைவுகளில் வித்தியாசமில்லை, குறுக்கே யாரும் வரவில்லை. சற்று நேரத்திலேயே சில கார்கள் நின்றுவிட்டன. அந்த நிற்றல் வட்டத்தைப் பின்புறமாகச் சுற்றி வந்தது.

இன்னொரு கெடுதலும் உண்டு. நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது பழைய நெருக்கம் திரும்புவதில்லை. ஒவ்வொருவரும் முன்னால் உள்ளவர் நகர்ந்ததைப் பார்த்து, கியர் போட்டு, பிறகுதான் நகர்கிறார்கள். ஆகவே 2,000 வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்த தடம் ஒருமுறை ஜாம் ஆனபின் அதன் முன்முனையில் 1,800 வண்டிகளைத்தான் வெளியே விடும். இதுவே திறன் வீழ்ச்சி. பின்னாலிருந்து 2,000 வண்டிகள் வந்துகொண்டே இருந்தால் மணிக்கு 200 வண்டிகள் வீதம் வரிசை நீளும். கூட்டம் குறையும்வரை அது கரையாது.

சுருக்கமாக: நெரிசலைக் கலைப்பதைவிட, அது பிறக்கும் கணத்தைத் தள்ளிப்போடுவது பல மடங்கு லாபம். பின்வரும் கருவிகள் எல்லாம் அதற்காகவே.

சாலைக்குக் கண் வைப்பது

நிலைமை தெரியாமல் எதையும் செய்ய முடியாது. பழைய, நம்பகமான கருவி தரைக்குள் இருக்கும் கம்பிச் சுருள். தார்ச் சாலையில் ரம்பத்தால் சதுரமாகக் காடி வெட்டி, அதில் செம்புக் கம்பியைச் சில சுற்றுகள் பதித்து, மேலே பசைக் கலவையால் மூடுவார்கள். கம்பியில் மெல்லிய மாறுமின்னோட்டம் ஓடும். உலோகம் மேலே வந்தவுடன் அதன் அதிர்வெண் மாறும், ஓரத்துப் பெட்டியில் உள்ள கருவி அதை ஒரு வண்டியாகப் பதிவு செய்யும். வேகம் தெரிய இரண்டு சுருள் வேண்டும். 6 மீட்டர் தள்ளிப் பதித்த இரண்டையும் ஒரு கார் 0.3 விநாடி இடைவெளியில் தொட்டால் அது விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. பிரிட்டனில் மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளில் பரபரப்பானவற்றில் ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒரு ஜோடி பதித்திருக்கிறார்கள்.

இதில் கெடுவது என்ன? சாலைக்குப் புதுத் தார் போட மேல் அடுக்கைச் சுரண்டும்போது கம்பியும் சேர்ந்து போய்விடும். காடியில் வெடிப்பு விழுந்து மழைநீர் இறங்கினால் தப்பான கணக்கு வரும். நம் ஊரில் அதைவிடப் பெரிய தொல்லை, தடக்கோட்டின் மேலேயே ஓடும் வண்டிகள். ஒரே காரைப் பக்கத்துப் பக்கத்துத் தடங்களின் சுருள்கள் இரண்டும் எண்ணிவிடும், ஓரமாகப் போகும் பைக்கை எதுவும் எண்ணாது. அதனால் இந்தியாவில் கம்பத்தில் பொருத்தும் கேமராவும் ரேடாரும்தான் அதிகம் பொருந்துகின்றன. கேமராவுக்குச் சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடித்தாலோ, லென்ஸில் தூசி படிந்தாலோ பார்வை மங்கும். ரேடாருக்கு இருட்டும் மழையும் பெரிதாகத் தடை இல்லை, ஆனால் நின்றுவிட்ட வண்டி என்ன வண்டி என்று அது படம்காட்டாது. இரண்டையும் சேர்த்து வைப்பதே சரி.

மாறும் வேக வரம்பு

அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சாலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் உள்ள பலகை 80 என்று காட்டும். "காலி ரோட்டில் எதுக்கு 80?" என்ற எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்த எண் உங்கள் கண்ணுக்குத் தெரியும் சாலைக்கானதல்ல. நாலைந்து கிலோமீட்டர் முன்னால் இருக்கும் நிலைமைக்கானது.

வேகத்தைக் குறைப்பதால் இரண்டு நன்மை. ஒன்று, 70-இல் போகும் லாரிக்கும் 110-இல் போகும் காருக்கும் உள்ள வேக வித்தியாசம் சுருங்குகிறது. தாண்டிப் போவதில் லாபம் குறைவதால் தடம் மாறுவது குறைகிறது, திடீர் பிரேக்குகளும் குறைகின்றன, அலை பிறக்க வாய்ப்பு குறைகிறது. இரண்டு, முன்னால் இறுகத் தொடங்கிய இடத்துக்கு வண்டிகள் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன, அந்தச் சிறிய அவகாசத்தில் அங்கே இறுக்கம் தளர்ந்துவிடலாம்.

லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலையில் 1995-இல் இதைத் தொடங்கினார்கள். அங்கே வழக்கமான வரம்பு மணிக்கு 70 மைல், ஏறக்குறைய 112 கி.மீ. ஒரு தடத்தின் ஓட்டம் மணிக்கு 1,650 வண்டிகளைத் தாண்டியதும் 60 மைலாகவும், 2,050-ஐத் தாண்டியதும் 50 மைலாகவும், அதாவது 80 கி.மீ. ஆகவும் பலகை மாறும். ஜாம் ஆனபிறகு அறிவிப்பதில்லை, ஆவதற்கு முன்பே குறைப்பார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் நேரத்துக்கு என்ன நஷ்டம்? 20 கி.மீ. தூரத்தை 100-இல் போனால் 12 நிமிடம், 80-இல் போனால் 15 நிமிடம். மூன்று நிமிடம் போகிறது. அதே 20 கி.மீ. நின்று நின்று சராசரி 25-இல் போனால் 48 நிமிடம்.

இதைக் கெடுப்பவை இரண்டு. கட்டுப்பாட்டு அறையின் கணினி நிமிடத்துக்கு நிமிடம் தடுமாறி 80, 100, 80 என்று மாற்றினால் மக்கள் பலகையை நம்ப மாட்டார்கள். ஆகவே வரம்பைக் குறைப்பதற்கு ஓட்டத்தில் ஓர் எல்லையும், மறுபடி கூட்டுவதற்கு அதைவிடத் தாழ்ந்த இன்னோர் எல்லையும் வைப்பார்கள். அடுத்தது, 100-லிருந்து நேரே 40-க்கு இறக்குவது. அது பின்னாலிருந்து மோதுவதற்கு வழி. அடுத்தடுத்த பலகைகளில் 100, 80, 60 என்று படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

நுழைகிற இடத்தில் அளந்து விடுவது

பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு சிக்னல் விழுந்ததும் 30 வண்டிகள் மொத்தமாக வந்து நெடுஞ்சாலையில் கலந்தால் மேலே சொன்ன அலை அங்கேயே பிறந்துவிடும். அதைத் தடுக்க நெடுஞ்சாலையில் ஏறும் நுழைவுச் சரிவில் ஒரு சிக்னல் வைப்பார்கள். பச்சை விழுந்தால் ஒரு வண்டி மட்டும். 4 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 900 வண்டிகள், ஆனால் கொத்தாக இல்லாமல் ஒவ்வொன்றாக. இதற்கு நுழைவு அளவீட்டு சிக்னல் என்று சொல்லலாம்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் இந்த சிக்னல்களால் பயனில்லை என்று புகார் எழுந்து, 2000-ஆம் ஆண்டில் சில வாரங்கள் எல்லாவற்றையும் அணைத்தே பார்த்தார்கள். நெடுஞ்சாலை கடத்திய வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. சிக்னல்கள் திரும்ப வந்தன. ஆனால் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும்படி அவற்றின் முறையை மாற்றினார்கள். அந்தப் புகாரில் நியாயம் இருந்தது: சரிவில் வரிசை நீண்டு ஊர்ச்சாலையை அடைத்தால் தொல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியதாகத்தான் அர்த்தம். ஆகவே சரிவு தொடங்கும் ஊர்ச்சாலைப் பக்க முனையிலும் ஒரு சென்சார் வேண்டும். அதுவரை வரிசை வந்துவிட்டால் சிக்னல் வேகமாகத் திறக்கும்.

டோல்கேட் இதிலிருந்து வேறு. அங்கே நெரிசலுக்குக் காரணம் அலை இல்லை, கவுன்டரின் வேகம். ஒரு வண்டிக்கு 15 விநாடி ஆனால் ஒரு கவுன்டர் மணிக்கு 240 வண்டிகளை விடும். இரண்டு தடத்தில் 3,600 வண்டி வந்தால் 15 கவுன்டர் வேண்டும். 4 விநாடியில் முடிந்தால் 4 கவுன்டரே போதும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக்கைக் கட்டாயமாக்கியதன் பொருள் இதுதான். அதேநேரம், டேக்கில் பணமில்லாமல் ஒரு கார் ஒரு நிமிடம் நின்றால் அந்தக் கவுன்டரில் 15 வண்டிகளின் நேரம் போகிறது. விழா நாளில் புறப்படும் முன் இருப்பைப் பார்த்துக்கொள்வது பின்னால் வருபவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் உதவி.

ஓரத்தடத்தைத் திறப்பது: பிரிட்டன் சொல்லும் பாடம்

சாலை ஓரத்தில் பழுதான வண்டி ஒதுங்குவதற்கென்று ஒரு கூடுதல் தடம் இருக்கும். 2006-இல் பர்மிங்ஹாம் அருகே எம்42 சாலையில், கூட்டமான நேரத்தில் மட்டும் அதையும் ஓட்டத்துக்குத் திறந்துவிட்டார்கள். பழுதானால் ஒதுங்க ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஓர் இடம் கட்டியிருந்தார்கள். நன்றாக வேலை செய்தது. பிறகு செலவைக் குறைக்க, ஓரத்தடத்தை நிரந்தரமாகவே ஓட்டத்தடமாக மாற்றி, ஒதுங்குமிடங்களை 2.5 கி.மீ. வரை இடைவெளி விட்டுக் கட்டினார்கள். ஓடும் தடத்திலேயே வண்டி நின்றுபோய், பின்னால் வந்தவர் மோதி உயிரிழந்த சம்பவங்கள் மக்களை உலுக்கின. 2022 ஜனவரியில் புதிய பணிகளை நிறுத்திவைத்த அரசு, 2023 ஏப்ரலில் புதிய திட்டங்களையே கைவிட்டது.

வேக வரம்பு மாற்றும் பலகையும் ஓரத்தடத்தை எடுத்துவிடுவதும் வேறு வேறு. "பிரிட்டனிலேயே இந்தத் தொழில்நுட்பம் தோற்றுவிட்டது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது தவறு. அங்கே மக்கள் நம்பிக்கை இழந்தது ஒதுங்க இடமில்லாத சாலையின் மேல். என் கணிப்பில் நம் நாலுவழிச் சாலைகளில் ஓரத்தைத் தொடவே கூடாது. இருக்கிற ஓரத்தில் லாரிகள் நிறுத்தப்படுவதைத் தடுத்தாலே பெரிய காரியம்.

ஒரு லாரி நின்றால் எவ்வளவு போகும்?

ஒரு திசையில் இரண்டே தடம் உள்ள சாலையில் ஒரு தடம் அடைபட்டால் பாதித் திறன் மிஞ்சும் என்றுதான் தோன்றும். அமெரிக்கப் பொறியாளர்களின் கையேட்டுக் கணக்குப்படி மிஞ்சுவது 35 சதவீதம். எல்லோரும் ஒரு தடத்துக்குள் நுழைய முட்டுவதும், நின்று வேடிக்கை பார்ப்பதும் மீதியைத் தின்றுவிடும்.

இரண்டு தடம் சேர்த்து மணிக்கு 4,000 வண்டிகள் போகும் சாலை. வந்துகொண்டிருப்பது 3,000. ஒரு தடத்தில் லாரி நின்றதும் திறன் 1,400 ஆகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 வண்டிகள் தேங்கும், 10 நிமிடத்தில் 270. லாரியை அகற்றியபின் மணிக்கு 3,600 வண்டிகள் வெளியேறும், ஆனால் புதிதாக 3,000 வந்துகொண்டே இருப்பதால் தேக்கம் கரைவது மணிக்கு 600 என்ற வீதத்தில்தான். 270 வண்டிகள் கரைய 27 நிமிடம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் வருபவர்கள் மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே கேமராவின் உண்மையான மதிப்பு, நின்ற வண்டியைச் சில விநாடிகளில் கண்டுபிடித்துக் கட்டுப்பாட்டு அறைக்கு மணியடிப்பதில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023-இல் புதுப்பித்த போக்குவரத்து மேலாண்மைக் கொள்கையிலும் காட்சியைப் பார்த்துச் சம்பவத்தைத் தானாகக் கண்டறியும் கேமராவுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் மணியடித்தபின் கிரேன் 40 கி.மீ. தள்ளி நின்றால் கேமராவால் ஆவதொன்றுமில்லை. வண்டி நின்றுபோனால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழையுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் முதலில் சொல்லுங்கள்.

செட்டிநாட்டுச் சாலைகளுக்கு இதெல்லாம் வேண்டுமா?

திருமயம், காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வழியாகப் போகும் சாலைகளுக்குத் தலைக்கு மேல் பலகை வரிசை இப்போது தேவையில்லை. மேலே சொன்ன கணக்கெல்லாம் நினைத்த இடத்தில் நுழைய முடியாத சாலைக்குப் பொருந்துபவை. நம் பக்கம் ஒவ்வொரு ஊர் விலக்கிலும் பைக்கும் டிராக்டரும் ஏறுகின்றன, ஆடு மாடு கடக்கின்றன, எதிர்த்திசையிலும் வண்டி வருகிறது. நுழைவுகளை ஒழுங்குசெய்யாமல் மேலே கணினிப் பலகை வைத்தால் பணம்தான் வீண்.

வருடத்தில் சில நாட்கள் மட்டும் இங்கே நிலைமை வேறு. தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு, பிள்ளையார்பட்டியில் விநாயகர் சதுர்த்தி, குன்றக்குடியில் பங்குனி உத்திரம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடந்துபோகும் நாட்கள் இன்னும் கவனம் வேண்டியவை, ஏனென்றால் ஆயிரக்கணக்கானவர்கள் விடிவதற்கு முன்னே இருட்டில் சாலையோரம் நடப்பார்கள். இந்த நாட்களுக்கு டிரெய்லரில் இழுத்துவரும் சோலார் தகவல் பலகை போதும். நெரிசல் தொடங்கும் இடத்தில் அதை நிறுத்துவது வழக்கமான தவறு, அங்கே வந்தபின் யாருக்கும் திரும்ப வழி இருக்காது. மாற்றுப்பாதை பிரியும் விலக்குக்கு முன்னால், ஓட்டுநர் படித்து முடிவெடுக்க நேரம் இருக்கும்படி நிறுத்த வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் வருபவர் விநாடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுவார், 150 மீட்டர் தூரத்திலிருந்து எழுத்து தெரிந்தாலும் அவருக்குக் கிடைப்பது 7 விநாடிக்குள். "பாதயாத்திரை, 4 கி.மீ., வேகம் 40" என்ற அளவுக்குமேல் எழுதினால் யாரும் படித்து முடிக்க மாட்டார்கள். கூட்டம் கடந்ததும் பலகையை அன்றே அணைத்துவிட வேண்டும். வெறும் சாலையில் நாலு நாள் "வேகம் 40" என்று எரிந்துகொண்டிருந்தால் அடுத்த வருடம் அதை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.